வக்கீலம்மா பதில்கள்: பட்டாவிலிருந்து ஆரம்பியுங்கள்

கேள்வி: மகள் பிளஸ் டூ எழுதப் போகிறாள். நேராக ஐந்தாண்டு சட்டப் படிப்பில் சேர்ப்பதா, பி.காம். முடித்த பிறகு மூன்றாண்டு சட்டம் படிக்க வைப்பதா? – ஒரு தாய், அம்மாப்பேட்டை

பதில்: சட்டம்தான் வேண்டும் என்று அவளே உறுதியாக இருந்தால் ஐந்தாண்டுப் படிப்பு. ஒரு வருடம் மிச்சமாகும். அந்த உறுதி உங்களுக்கு மட்டும்தான் இருக்கிறது என்றால் பி.காம். நம் அரசு சட்டக் கல்லூரிகளில் இரண்டு படிப்புக்குமே மதிப்பெண்ணை வைத்துத்தான் இடம் தருகிறார்கள். 'கிளாட்' தேர்வு திருச்சியில் இருப்பதைப் போன்ற தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு. அங்கே சேரும் எண்ணம் இல்லையென்றால் அதற்கான பயிற்சிக்குப் பணம் கட்டாதீர்கள்.

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்கள் ஊர். மலையாளி என்ற மலைவாழ் பழங்குடி. அப்பா, அம்மா இருவரும் காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறார்கள். நான் சேலத்தில் தமிழ் வழியில் பி.ஏ. வரலாறு மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சட்டம் படித்து வக்கீலாகி, பிறகு மக்களுக்குப் பயன்படும் அரசுப் பணிக்குப் போக ஆசை. 'ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைக்காதே' என்கிறார்கள். இப்போதிருந்தே என்ன செய்ய வேண்டும்? – ஒரு மாணவி

பதில்: சொல்கிறவர்கள் சேலத்துக்காரர்களாக இருந்தால் அவர்களுக்குச் சொந்த ஊர்க் கதை தெரியவில்லை. சேலம் விஜயராகவாச்சாரியார் இந்த ஊர் வக்கீல், நகரசபை உறுப்பினர். 1882இல் சேலத்தில் நடந்த கலவரம் தொடர்பான வழக்கில் அவரையும் சேர்த்துப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தார்கள். உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்து விடுதலையானார். அத்தோடு வீட்டுக்குப் போய்விடவில்லை. அதே வழக்கில் தண்டிக்கப்பட்ட மற்றவர்களுக்காகவும் போராடினார். பறிபோன நகரசபைப் பதவியைத் திரும்பப் பெற்றார். நூறு ரூபாய் இழப்பீடும் வாங்கினார். 1920இல் நாகபுரி காங்கிரஸ் மாநாட்டுக்கு அவர்தான் தலைவர். இங்கே வக்கீல் தொழில் செய்த ராஜாஜி 1917இல் நகராட்சித் தலைவரானார். அவர்களிடம் யாரும் ஆறு எது, சேறு எது என்று கேட்டதாகத் தெரியவில்லை.

இனி தயாரிப்பு. பொது அறிவுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்து பட்டாவை எடுங்கள். உங்களிடம் இல்லையென்றால் பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் இருக்கும். யார் பெயரில் இருக்கிறது, சர்வே எண் என்ன, உட்பிரிவு என்ன, பரப்பு எவ்வளவு என்று பாருங்கள். ஊரில் எல்லோரும் ஏக்கர், சென்ட் என்று பேசுவார்கள். பட்டாவோ ஹெக்டேர், ஏர் (ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு) என்று எழுதியிருக்கும். ஒரு ஹெக்டேர் ஏறக்குறைய 2.47 ஏக்கர். இந்தக் கணக்கு தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு பத்திரக் கட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் நிறைய. அடுத்தது வில்லங்கச் சான்று (நிலத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டுவது), அதற்கடுத்து கிரையப் பத்திரம், அதாவது விற்பனைப் பத்திரம். பட்டா வருவாய்த் துறையின் பதிவுதான், அது மட்டுமே உரிமையை நிலைநாட்டாது என்பது இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் பேராசிரியர் துணையில்லாமலே விளங்கும்.

உங்கள் சாதிச் சான்றிதழையும் எடுத்துப் பாருங்கள். பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர்தான் அதைத் தர வேண்டும். ஏன் தாசில்தார் இல்லை என்று தேடிப் படியுங்கள். பிறகு பழங்குடிப் பட்டியலில் 'மலையாளி' என்ற வரிக்குப் போங்கள். பெயருக்குப் பக்கத்தில் தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி என்று மாவட்டங்களை எண்ணி எழுதியிருக்கிறார்கள். ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் இருக்கும் மலையாளிகள் அந்த வரிக்குள் வரவில்லை, நெடுங்காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பட்டியலை யார் திருத்தலாம்? அரசியலமைப்பின் 342ஆம் பிரிவைப் பாருங்கள்: நாடாளுமன்றம்தான். கலெக்டராலும் முடியாது, நீதிபதியாலும் முடியாது. உங்களுக்கு இது பாடம் மட்டும் அல்ல என்பதால்தான் இவ்வளவு தூரம் சொல்கிறேன். சான்றிதழ் கிடைக்காமல் கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் மலைக்கும் சேலத்துக்கும் பஸ்ஸில் அலையும் பிள்ளைகள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். அப்படி ஒரு பிள்ளையின் விண்ணப்பத்தை ஆரம்பம் முதல் முடிவு வரை கூட இருந்து முடித்துக் கொடுங்கள். பயிற்சி மையத்தில் ஒரு வருடம் உட்கார்ந்தாலும் அந்த அனுபவம் வராது.

மனு எழுதப் பழகுங்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்கு வரும் மனுக்களில் பாதி, குடும்பக் கஷ்டத்தை மூன்று பக்கம் எழுதிவிட்டு, கேட்பதைக் கடைசி வரியில் சொல்லும். சில மனுக்கள் அதையும் சொல்லாது. ஒரு மனுவில் ஒரு கோரிக்கை போதும். தேதி, சர்வே எண், முன்பு கொடுத்த மனுவின் எண் ஆகியவை முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பக் கூடாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பமும் போட்டுப் பாருங்கள். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும்; முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு என்றால் என்ன என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொள்வீர்கள்!

கிராம சபைக்குப் போகிறீர்களா? பந்தலில் நாற்காலி போடுகிற கூட்டம்தானே என்று நினைக்காதீர்கள். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி காட்டு நிலத்துக்கான தனிநபர் உரிமைக் கோரிக்கை முதலில் கிராம சபைக்குத்தான் வர வேண்டும். அங்கிருந்து கோட்ட அளவிலான குழு, பிறகு கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழு. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே நிலம் அனுபவத்தில் இருந்தது என்று காட்ட வேண்டும். அதிகபட்சம் நான்கு ஹெக்டேர். அதற்குச் சாட்சி சொல்லக்கூடிய முதியவர்கள் உங்கள் ஊரில்தான் இருக்கிறார்கள், நூலகத்தில் இல்லை.

அஸ்தம்பட்டி நீதிமன்றத்துக்கு ஒரு நாள் வாருங்கள். விசாரணை பொதுமக்கள் முன்னிலையில் நடப்பதுதான். பின் வரிசையில் அமைதியாக உட்காரலாம். கொலை வழக்கைத் தேடிப் போகாமல், சிவில் வழக்குகள் நடக்கும் முன்சீப் கோர்ட்டில் உட்காருங்கள். வரப்புத் தகராறு, பாகப் பிரிவினை, வாய்தாவுக்கு மேல் வாய்தா. அலுப்பாக இருக்கும். அந்த அலுப்பைத் தாங்க முடிகிறதா என்பதுதான் உங்களுக்கு முதல் தேர்வு.

தமிழ் வழி என்று தயங்காதீர்கள். கீழமை நீதிமன்றங்களில் சாட்சியும் தீர்ப்பும் தமிழில் நடக்கின்றன. உயர் நீதிமன்றத்துக்கு ஆங்கிலம் வேண்டும், அதை மறைப்பதற்கில்லை. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் பல இப்போது தமிழாக்கத்தோடு இணையத்தில் கிடைக்கின்றன. வாரம் ஒன்றை இரண்டு மொழியிலும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

வேலைக் கணக்கு சுருக்கமாக. நீதிபதித் தேர்வு எழுத மூன்றாண்டு வக்கீல் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மறுபடி கட்டாயமாக்கியது. குடிமைப் பணித் தேர்வைப் பழங்குடியினர் 37 வயது வரை எழுதலாம். அதில் சட்டத்தை விருப்பப் பாடமாகவும் எடுக்கலாம். ஆகவே அவசரமில்லை. எல்எல்.பி.யை ஒப்புக்குப் படித்துக்கொண்டு மாலையில் குரூப் 1 பயிற்சிக்கு ஓடுகிறவர்களைப் பார்க்கிறேன். எனக்கு அது பிடிக்கவில்லை. சட்டக் கல்லூரியில் சேர்ந்ததும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராக விண்ணப்பியுங்கள். வக்கீலாகப் பதிவு செய்யும் வரை மாணவர்களும் அதில் இருக்கலாம். பெண்களுக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு என்று 1987ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மலையில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று உங்கள் அம்மாவிடமே கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: மகன் சட்டம் முடித்துவிட்டான். பார் கவுன்சிலில் பதிவு செய்ய நாற்பதாயிரம் ஆகும் என்று ஒருவர் சொல்கிறார். உண்மையா? – ஒரு தந்தை, ஓமலூர்

பதில்: 1961ஆம் ஆண்டு வக்கீல்கள் சட்டத்தில் உள்ள தொகைக்கு மேல் பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பொதுவாக 750 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய். அகில இந்திய பார் தேர்வுக்குத் தனிக் கட்டணம். உண்மையான செலவு அதற்குப் பிறகுதான் வரும். முதல் இரண்டு மூன்று வருடம் சீனியர் தருவது பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் போய்விடும். கையில் இருக்கும் பணத்தை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். நாற்பதாயிரம் சொன்னவரிடம், எந்தக் கட்டணத்துக்கு எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.