ஓயாமல் தண்ணீர் கேட்கும் குழந்தை

கேள்வி: என் மூன்று வயது மகள் ஒரு மாதமாக ஓயாமல் தண்ணீர் கேட்கிறாள், இரவிலும் இரண்டு முறை எழுந்து குடிக்கிறாள். இது சர்க்கரை நோயாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: இந்த வயதில் பல குழந்தைகளுக்குத் தாகத்தைவிடப் பாட்டிலின் மீதுதான் பிரியம் அதிகம். பழச்சாறோ பாலோ கொடுத்தால் ஆவலுடன் குடித்து, வெறும் தண்ணீரை இரண்டு மடக்கோடு தள்ளிவிடும் குழந்தைக்கு அது பெரும்பாலும் பழக்கமே. ஆனால், உங்கள் மகள் தூக்கத்திலிருந்து எழுந்து வெறும் தண்ணீரையே தேடிக் குடிக்கிறாள் என்பதால், இதைப் பழக்கம் என்று நான் விட்டுவிட மாட்டேன்.

இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது சிறுநீரகங்கள் அதைத் தண்ணீருடன் சேர்த்து வெளியேற்றுகின்றன. இழந்த நீரை ஈடுகட்டவே தாகம் எடுக்கிறது. ஆகவே, படுக்கையை நனைப்பதை நிறுத்திய குழந்தை மீண்டும் நனைப்பது, நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைவது, எப்போதும் சோர்ந்திருப்பது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தாகத்துடன் சேர்ந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்தால் ஒரு நிமிடத்துக்குள் விடை தெரிந்துவிடும். இத்தகைய அறிகுறிகளுடன் சர்க்கரை அளவு 200 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் அது சர்க்கரை நோயே. வாந்தி, வயிற்றுவலி, வேகமான ஆழ்ந்த மூச்சு, மூச்சில் பழவாடை ஆகியவை தோன்றினால் நள்ளிரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

அரிதாக, சிறுநீரைச் செறிவாக்கும் ஹார்மோனின் குறைபாட்டாலும் இப்படித் தாகம் எடுக்கலாம். அப்போது சிறுநீர் தண்ணீரைப் போலவே நிறமற்றிருக்கும். எனவே, பரிசோதனை முடியும்வரை, “குறைத்துப் பார்ப்போம்” என்று தண்ணீரை மட்டும் மறுத்துவிடாதீர்கள்.