தெருவில் முன்பின் தெரியாதவரைக் கேட்காமல் படம் எடுக்கலாமா?

‘கேண்டிட்’ படம் என்பது, எடுக்கப்படுகிறவருக்குத் தெரியாமல், அவர் இயல்பாக இருக்கும்போது எடுப்பது. கோயில் தேரைப் படம் எடுக்கும்போது கூட்டத்தில் நாலு முகம் விழுவது வேறு, ஒருவரை மட்டும் குறிவைப்பது வேறு.

ஏன் கேட்க வேண்டும்? பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் போனில் பேசுவது நம் காதில் விழத்தான் செய்யும். அதை ரெக்கார்டு செய்து ஊருக்கே போட்டுக் காட்டினால் சண்டைக்கு வரமாட்டாரா? பார்வை அந்த நொடியோடு போய்விடும், படம் போகாது.

மயிலாப்பூர் மாட வீதியில் பூக்கட்டும் அம்மா ஒருவரை எடுத்துவிட்டு, அப்புறம் திரையைக் காட்டினேன். “முடி கலைஞ்சிருக்கே, இருப்பா” என்று தலையைக் கோதிக்கொண்டு மறுபடி எடுக்கச் சொன்னார். இரண்டாவது படத்தில் அவ்வளவு உயிரில்லைதான். ஆனாலும் முதலாவதை அழித்துவிட்டேன்.

படித்துறையில் குளிக்கிறவர், பிளாட்பாரத்தில் தூங்குகிறவர், அழுகிறவர் பக்கம் கேமராவைத் திருப்பவே வேண்டாம். குழந்தை என்றால் பெற்றவரிடம் கேளுங்கள்.

“பொது இடம்தானே, யாரை வேண்டுமானாலும் எடுக்கலாம்” என்பார்கள். தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பிலேயே, பொது இடத்துக்கு வந்துவிட்டதால் மட்டும் ஒருவர் தனியுரிமையை இழப்பதில்லை என்று இருக்கிறது.