நாபாவில் நாற்பது டாலர்

கேள்வி: அமெரிக்காவில் சான் ஹோசேயில் இருக்கும் மகன் எங்களை, கலிஃபோர்னியாவில் ஒயினுக்குப் பேர்போன நாபா பள்ளத்தாக்குக்கு ஒருநாள் அழைத்துப் போகிறான். சாப்பாட்டுக்குத் தலைக்கு நாற்பது டாலர் என்று கணக்கு வைத்திருக்கிறான். ஆடம்பரமும் வேண்டாம், காரில் உட்கார்ந்து பர்கர் கடிப்பதும் வேண்டாம். கூகுளில் நாலரை நட்சத்திரம் வாங்கிய இடமாகப் பார்த்துப் போனால் போதும்தானே? அவர் எல்லாம் சாப்பிடுவார், நான் சைவம்.
– வாசகி, திருச்சி

பதில்: அந்த நாற்பது எந்தக் கணக்கு என்று முதலில் மகனிடம் கேளுங்கள். மெனு விலையா, பில் தொகையா? அமெரிக்காவில் மெனுவில் போட்டிருப்பது வெறும் பண்டத்தின் விலை. விற்பனை வரி 8 சதவீதம் போல, டிப்ஸ் 20 சதவீதம், இரண்டும் அதன் தலையில் ஏறும். நாற்பதுக்குள் முடிய வேண்டுமென்றால் மெனுவில் 31 டாலரோடு விரலை எடுத்துவிட வேண்டும். ஒரு கிளாஸ் ஒயின் சொன்னாலே கணக்கு கவிழ்ந்துவிடும்.

நாலரை நட்சத்திரத்தை மறந்துவிடுங்கள். பகலெல்லாம் நாலு இடத்தில் ஒயின் ருசி பார்த்துவிட்டு வருகிறவருக்குச் சாயங்காலம் எது கிடைத்தாலும் அமிர்தம்தான். அவர் போடும் மார்க்கை நம்பி நீங்கள் பசியோடு போகாதீர்கள். யாராவது வழி காட்டத்தான் வேண்டுமென்றால், மிஷலின் டயர் கம்பெனி போடும் ஓட்டல் வழிகாட்டியில், நட்சத்திரம் வாங்கிய ஓட்டல்கள் போக, பிப் குர்மாண்ட் என்று இன்னொரு பட்டியல் இருக்கிறது. அந்தக் கம்பெனியின் டயர் பொம்மை நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டிருக்கும் படம்தான் அதன் அடையாளம். நியாயமான விலைக்கு நல்ல சாப்பாடு என்று அர்த்தம். 1997லிருந்து கொடுக்கிறார்கள்.

அங்கே ஏன் இந்த விலை? 1968லேயே நாபா கவுண்டி (நம் மாவட்ட நிர்வாகம் போல) அந்தப் பள்ளத்தாக்கை விவசாயப் பாதுகாப்பு நிலமாக்கிவிட்டது. 1990ல் ஒயினரிகள், அதாவது ஒயின் தயாரிக்கும் இடங்கள், ஓட்டல் நடத்தவும் கடிவாளம் போட்டது. தோட்டங்கள் பிழைத்தன. ஆனால் ஓட்டல்கள் பெரும்பாலும் நாபா, யவுண்ட்வில், செயின்ட் ஹெலினா, கலிஸ்டோகா என்று நாலைந்து ஊருக்குள் நெருக்கியடித்துக்கொண்டன. மூவாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் யவுண்ட்வில்லில்தான் சமையல்காரர் தாமஸ் கெல்லரின் பிரெஞ்ச் லாண்ட்ரி என்ற ஓட்டல். அங்கே ஒருவர் சாப்பிடும் காசில் உங்கள் குடும்பமே இரண்டு நாள் சாப்பிடலாம். அந்த ஊர் விலைவாசி மற்றவர்களுக்கும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்குமா? ஜன்னலுக்கு வெளியே திராட்சைக் கொடி தெரிந்தால் அதற்கும் சேர்த்துத்தான் பில்.

அதனால் பள்ளத்தாக்கின் நடுவில் வேடிக்கை பாருங்கள், ஓரத்தில் சாப்பிடுங்கள். தெற்கே நாபா ஊரில் ஆக்ஸ்போ மார்க்கெட் என்று ஒரே கூரையின் கீழ் பல கடைகள் இருக்கின்றன. அவருக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று என்று வாங்கி ஒரே மேசையில் உட்காரலாம். உட்கார்ந்து பரிமாறும் இடம்தான் வேண்டுமென்றால் ராத்திரியை விட்டுவிட்டு மதியம் போங்கள். முன்பதிவு கிடைக்கவில்லையா, பார் கவுண்டரில் உட்கார்ந்து சாப்பிட முடியுமா என்று கேளுங்கள். அதே சமையலறைதானே.

இன்னொன்று. அந்தத் தோட்டங்களில் கவாத்து செய்வதும் குலை அறுப்பதும் பெரும்பாலும் மெக்சிகோக்காரர்கள். அவர்கள் சாப்பிடும் டாக்கோ (உள்ளே கறியோ பீன்ஸோ வைத்து மடித்த ரொட்டி) கடைகள் நாபாவிலும் கலிஸ்டோகாவிலும் உண்டு. என்னைக் கேட்டால் இருபது டாலருக்குள் வயிறும் மனசும் நிறைவது அங்கேதான். ஆனால் நீங்கள் சைவம், கவனம். மசித்த பீன்ஸில் லார்ட் என்கிற பன்றிக் கொழுப்பு இருக்கலாம், சோற்றைக் கோழிச் சாற்றில் வேகவைத்திருக்கலாம். "சைவமா?" என்று கேட்டால் கறி இல்லை என்பதற்காகத் தலையாட்டிவிடுவார்கள். "லார்ட் போட்டீர்களா, சிக்கன் ஸ்டாக் ஊற்றினீர்களா?" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

ஒயினரியில் வாங்கிய பாட்டிலைப் பல ஓட்டல்களுக்குக் கொண்டுபோய்க் குடிக்கலாம். திறந்து ஊற்ற கார்க்கேஜ் என்று தனிக் காசு வாங்குவார்கள், எவ்வளவு என்று உட்காரும் முன்பே விசாரியுங்கள். மீந்ததை மூடித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அது டிக்கியில்தான் வர வேண்டும். ஒருமுறை திறந்த பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு வந்தால், மகன் ஒரு சொட்டுகூடத் தொடாமல் ஓட்டினாலும் கலிஃபோர்னியா போலீஸ் அபராதச் சீட்டு கிழிக்கும்.