ஒரு தடவை சேர்ந்தால் ஆயுளுக்கும் போதுமா? பூச்சிகள் பற்றிய கேள்வி பதில்

ஈசூன் வாசகி: கொசுவை ஒழிக்கிறோம் என்று சொல்லி எங்கள் புளோக்கில் கொசுவையே பறக்கவிடுகிறார்களே, அக்கா?

விடுவது ஆண் கொசுக்களை. ஆண் கடிக்காது. தேசியச் சுற்றுப்புற வாரியம் 2016ல் சோதனையாகத் தொடங்கியது இது. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவில் பெண் பெரும்பாலும் ஒரே ஒரு முறைதான் ஆணோடு சேரும். கிடைத்த விந்தணுக்களை வயிற்றுக்குள் இருக்கும் மூன்று குட்டி உருண்டைப் பைகளில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை முட்டையிடும்போதும் அதிலிருந்தே செலவழிக்கும். இப்படி விடப்படும், வோல்பாக்கியா என்ற பாக்டீரியக் கிருமி கொண்ட ஆணோடு சேர்ந்துவிட்டால், அந்த முட்டைகள் பொரிக்காது. பையில் இருப்பு வைக்கும் பழக்கம்தான் அதற்கே வினையாகிறது.

தெம்பனிஸ் மாணவர்: எறும்பு ராணி ஆண்டுக்கணக்கில் முட்டையிடுகிறதே, விந்தணு எப்படிச் சாகாமல் இருக்கிறது?

நல்ல கேள்வி, தம்பி. ஆணின் விந்தணு கெட்டியானது என்று நினைக்காதீர்கள், வேலையெல்லாம் பெண்ணின் பைக்குத்தான். தேனீ ராணியைப் பாருங்கள். அதன் விந்தணுப்பை கடுகளவு, ஒரு மில்லிமீட்டர் சொச்சம். அதற்குள் பல லட்சம் விந்தணுக்கள். நுண்ணோக்கியில் வைத்தால் மேலே மூச்சுக்குழாய்கள் வெள்ளி வலைபோல் பின்னியிருக்கும். வலையை மெல்ல உரித்தால், சேராத ராணியின் பை தெளிந்த நீராகவும், சேர்ந்த ராணியின் பை கலங்கிய பழுப்பாகவும் தெரியும். பையை ஒட்டியுள்ள சுரப்பி ஒரு திரவத்தைச் சுரக்கிறது. விந்தணுவைச் சிதைக்கும் ஆக்சிஜன் கழிவுகளை முறிக்கும் நொதிகள் அதில் நிறைய உண்டு.

எறும்பில் இன்னொரு தந்திரம். ஜப்பானிய ஆய்வாளர்கள் ஓர் எறும்பினத்தின் பையைச் சோதித்தபோது, உள்ளே ஆக்சிஜன் அநேகமாக இல்லவே இல்லை. அதனால் விந்தணுக்கள் அசையாமல் கிடந்தன. ஓடாத வண்டிக்குத் தேய்மானம் குறைவுதானே! ஐரோப்பியக் கறுப்புத் தோட்ட எறும்பின் ராணி ஒன்று வளர்ப்பில் 28 ஆண்டு வாழ்ந்திருக்கிறது. அந்த இனத்து ராணி சேர்வதோ இளமையில், பறக்கும் ஒரு நாளில் மட்டும்.

உட்லண்ட்ஸ் வாசகர்: மழை விட்டதும் தாழ்வார விளக்கில் மொய்க்கும் ஈசலும் இப்படித்தானா?

இல்லை. ஈசல் கறையான் இனம். அதில் ராஜா சாகாமல் ராணியோடு கூட்டிலேயே இருந்து, அவ்வப்போது சேரும். நீண்ட காலம் சேமிக்கும் கட்டாயமில்லை.

ஜூரோங் வாசகர்: வயதான தேனீ ராணியின் கூட்டில் ஆண் தேனீக்கள் மட்டும் பெருகுவது ஏன்?

இருப்பு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். விந்தணு சேர்ந்த முட்டை பெண், சேராதது ஆண். ராணி ஒரு முட்டைக்கு ஒன்றிரண்டு விந்தணுவை மட்டும் அளந்து விடும். பையிலிருந்து வரும் குழாயில் அதற்கென்று தசைகள் உண்டு. அத்தனை சிக்கனமாக இருந்தும் சில ஆண்டுகளில் பை வற்றிவிடும். கூட்டில் வேலை செய்யப் பெண்கள் குறைய, கூடு சரியும். வேலைக்காரத் தேனீக்கள் பல நேரம் அதற்கு முன்பே புது ராணியை வளர்த்துவிடும்.

தெக்கா வாசகி: ஒரே ஒரு கரப்பான்பூச்சி வீட்டுக்குள் வந்தாலும் பெருகுமா?

சேர்ந்த பெண்ணாக இருந்தால் பெருகும். சமையலறையில் திரியும் சின்ன ஜெர்மன் கரப்பானுக்கு ஒருமுறை சேர்ந்தால் பல முட்டைக்கூடுகளுக்குப் போதும். பெரிய அமெரிக்கக் கரப்பானோ, ஆணே இல்லாமலும் சில சமயம் குஞ்சு பொரிக்கும். அடித்ததும் வால் பக்கம் முட்டைக்கூடு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதையும் சேர்த்து நசுக்கிவிடுங்கள்.