டிரைவர் எப்போது தூங்கினார்?

வாசகர் கேள்வி பதில். இந்த வாரக் கேள்விகள் எல்லாம் பள்ளி பேண்டையும் பாடகர் குழுவையும் பஸ் பிடித்து வெளியூர் கூட்டிப்போவது பற்றியவை. பதில் சொல்பவர் பாளையங்கோட்டைப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியராகவும் பேண்டு மாஸ்டராகவும் இருந்து ஓய்வு பெற்றவர்.

சார், எங்கள் பாடகர் குழுவில் 34 பிள்ளைகள், பேண்டில் 22 பேர், ஆசிரியர்கள் நான்கு பேர். ஜனவரியில் சென்னையில் நிகழ்ச்சி. 54 சீட் பஸ் ஒன்று பேசியிருக்கிறோம். “சின்னப் பிள்ளைகள்தானே, நெருக்கி உட்காரலாம்” என்கிறார் டிராவல்ஸ்காரர். ஒத்துக்கொள்ளலாமா?
– ஓர் இசை ஆசிரியை, மார்த்தாண்டம்

வேண்டாம் டீச்சர். உங்கள் கணக்கில் 60 பேர் வருகிறார்கள். ஆர்.சி.யில் இருக்கும் சீட் எண்ணிக்கை டிரைவரையும் சேர்த்தது. அதற்கு மேல் ஒரு தலை ஏறினாலும் வழியில் ஆர்.டி.ஓ. நிறுத்தினால் அபராதம். ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ்காரன் முதலில் எண்ணுவதும் தலைகளைத்தான்.

இன்னொன்றையும் நீங்கள் எண்ணவில்லை. பேஸ் டிரம் எங்கே உட்காரும்? 22 பேர் பேண்டு என்றால் ஒரு பேஸ் டிரம், இரண்டு டெனார் டிரம், ஏழெட்டு சைடு டிரம், யூஃபோனியம், டிரம்பெட் பெட்டிகள் இருக்கும். இது போக 60 பேருடைய பை. பஸ் பேசப் போகும்போது உங்கள் பேஸ் டிரம்மைக் கையோடு எடுத்துப் போங்கள். சிரிக்காதீர்கள், நான் அப்படித்தான் போவேன். டிக்கியைத் திறக்கச் சொல்லி உள்ளே வைத்துப் பார்ப்பேன். “எல்லாம் போகும் சார்” என்று ஓனர் அடித்துச் சொன்ன டிக்கியில் பாதி ஸ்டெப்னியும் ஜாக்கியும் கிடந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மேலே கேரியரில் கட்டலாம் என்பார்கள். ஜனவரியில் மழை வராது என்று யார் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்?

ஒரு 49 சீட் பஸ்ஸும் கூடவே ஒரு 21 சீட் வேனும் எடுங்கள். வேனின் பின் சீட்டுகளில் வாத்தியங்கள், முன்னால் ஓர் ஆசிரியரும் பேண்டுப் பையன்கள் சிலரும். செலவு கூடும்தான். ஆனால் பிள்ளை ஒன்றுக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓட ஒரு வண்டி இருக்கும்.

வயலின் இருந்தால் அதை டிக்கியில் போடவே வேண்டாம். வெயிலும் வண்டிச் சூடும் சேர்ந்தால் பசை விட்டுப் போகும். அது மடியில் வரட்டும். சிம்பலை, அதாவது பித்தளைத் தாளத்தட்டை, தலைக்கு மேல் உள்ள ரேக்கில் வைக்கக் கூடாது. டிரைவர் ஒரு பிரேக் அடித்தால் அது பறக்கும் தட்டு.

பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் இருக்கிறேன். இரவு பத்து மணிக்குக் கிளம்பினால் பிள்ளைகள் தூங்கியபடியே காலையில் சென்னை போய்விடுவார்கள், ஒரு நாள் தங்கும் செலவு மிச்சம். ஆசிரியர்களோ பகலில்தான் போவோம் என்று அடம் பிடிக்கிறார்கள். வீண் செலவுதானே?
– ஒரு தந்தை, நாகர்கோவில்

பிள்ளைகள் தூங்குவார்கள், சரி. டிரைவர் எப்போது தூங்கினார்?

இந்தக் கேள்வியை நானும் ஒரு காலத்தில் கேட்டதில்லை. 2004 டிசம்பரில் தஞ்சாவூரில் ஒரு கேரல் நிகழ்ச்சி. முடியும்போது ஒன்பதரை. சாப்பிட்டுப் பத்தரைக்குக் கிளம்பினோம். பஸ் புதுசு, சீட் நல்ல சீட், டி.வி. கூட இருந்தது. இதையெல்லாம் விசாரித்துத்தான் எடுத்திருந்தேன். விடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும்போது சாத்தூர் தாண்டி வண்டி குலுங்கியது. கண்ணைத் திறந்தால் ரோட்டை விட்டு இறங்கிக் கரிசல் காட்டுக்குள் நிற்கிறோம். நல்ல வேளையாக மழை பெய்த மண், சக்கரத்தைப் பிடித்து நிறுத்திவிட்டது. யாருக்கும் அடி இல்லை. பின் சீட்டில் கிடத்தியிருந்த பேஸ் டிரம் நடுவழியே உருண்டு கியர் பாக்ஸ் வரை வந்து கிடந்தது. ஒரு பையன் எழுந்து “ஊர் வந்துடுச்சா சார்?” என்று கேட்டான். டிரைவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்தபடி சொன்னார்: “மூணு நாளா வண்டியிலயேதான் சார் இருக்கேன்.”

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு கல்யாண ட்ரிப், ஒரு கோயில் ட்ரிப், அதை முடித்த கையோடு எங்கள் ட்ரிப். அந்த டிராவல்ஸின் பெயர் இங்கே வேண்டாம், பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

2022 அக்டோபர் 5 இரவு கேரளத்தில் வடக்கஞ்சேரிக்குப் பக்கத்தில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். எர்ணாகுளம் மாவட்டப் பிள்ளைகள் ஊட்டிக்குப் போன டூரிஸ்ட் பஸ், முன்னால் போன அரசு பஸ்ஸின் பின்னால் மோதியது. ஒன்பது பேர் இறந்தார்கள், அதில் ஐந்து பேர் மாணவர்கள், ஒருவர் ஆசிரியர். வண்டி மணிக்கு 97 கிலோமீட்டருக்கு மேல் போயிருக்கிறது. 80-க்கு மேல் போக விடாத வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் கை வைத்திருந்தார்கள். அதற்குச் சற்று முன்புதான் அந்த டிரைவர் வேளாங்கண்ணி ட்ரிப் முடித்து வந்திருந்தார் என்று பெற்றோர் சொன்னார்கள். அதன் பிறகு, பள்ளிச் சுற்றுலாவில் இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை பயணம் வேண்டாம் என்று கேரளத்தில் அழுத்திச் சொன்னார்கள்.

சட்டமும் புதிதல்ல. 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே டிரைவருக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலை என்று வைத்திருந்தார்கள். தொலைதூர வண்டி என்றால் பத்து வரை போகலாம் என்று இருந்தது. ஐந்து மணி நேரத்துக்குள் அரை மணி ஓய்வு கொடுத்தாக வேண்டும் என்றும் இருந்தது. நாகர்கோவிலில் இருந்து சென்னை ஏறக்குறைய 700 கிலோமீட்டர். பிள்ளைகளை ஒன்றுக்கு இறக்கி, டிபன் வாங்கிக் கொடுத்துப் போனால் மணிக்கு 50 தேறும். அப்படியானால் பதினான்கு மணி நேரம். ஒரே டிரைவர் என்றால் அது ஒரு நாள் வேலையே இல்லை.

“இரண்டு டிரைவர் தருகிறேன்” என்பார்கள். இரண்டு பேருடைய லைசென்ஸையும் கிளம்பும் முன் வாங்கிப் பாருங்கள். இரண்டாவது டிரைவர் என்று வந்தவர் கிளீனர் தம்பியாக இருந்த கதை எனக்கு உண்டு. நிஜமான டிரைவராகவே இருந்தாலும், ஓடுகிற வண்டியில் கேபின் பலகையில் படுப்பதை நான் தூக்கமாகக் கணக்கு வைப்பதில்லை.

உங்கள் ஆசிரியர்களுக்கு என் யோசனை: காலை ஆறுக்குக் கிளம்பி மதியத்துக்கு மேல் திருச்சி. ஏதாவது ஒரு பள்ளியில் பேசினால் வகுப்பறையில் பாய் விரித்துப் படுக்கலாம், செலவு அதிகம் வராது. மாலையில் அங்கேயே ஒரு ஒத்திகை. மறுநாள் காலை கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குச் சென்னை. திருச்சியில் பிள்ளைகளுக்கு இடம் பிடிக்கும்போது டிரைவருக்கும் ஃபேன் உள்ள ஓர் அறை, ஒரு கட்டில். அவர் வண்டியிலேயே படுத்துக்கொள்கிறேன் என்பார். கொசுக்கடியில் படுத்தவர் மறுநாள் ஓட்டுவதை நான் பார்த்திருக்கிறேன், விடாதீர்கள். நிகழ்ச்சி முடிந்த ராத்திரியே திரும்பக் கிளம்புவதும் கூடாது. அன்றைக்கு டிரைவரும் பகல் முழுக்க உங்களோடு ஊர் சுற்றியிருப்பார்.

போன வருடம் பேசிய தொகை ஒன்று, கடைசியில் கேட்டது ஒன்று. “ஷெட் டு ஷெட்”, “பேட்டா” என்று ஏதேதோ சொன்னார்கள். எதையெல்லாம் முன்னாலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்?
– பள்ளி அலுவலக உதவியாளர், சிவகாசி

அண்ணாச்சி, வண்டி உங்கள் பள்ளி வாசலில் இருந்து ஓடுவதாக நீங்கள் நினைத்துக்கொள்கிறீர்கள். ஓனர் கணக்கில் அது அவர் ஷெட்டில் இருந்து கிளம்பி ஷெட்டுக்குத் திரும்பும் வரை ஓடுகிறது. மதுரை வண்டியைச் சிவகாசிக்கு வரவழைத்தால் வந்த தூரமும் போன தூரமும் உங்கள் தலையில்தான். அதனால் பக்கத்து ஊர் வண்டியைப் பிடியுங்கள்.

அப்புறம், ஒரு நாளைக்குக் குறைந்தது இத்தனை கிலோமீட்டர் என்று ஒரு கணக்கு உண்டு. நாளுக்கு 300 என்று பேசி மூன்று நாள் எடுத்தால், நீங்கள் 820 ஓடினாலும் 900-க்குக் காசு. நாள் கணக்கு நள்ளிரவு 12 மணிக்கு மாறும். இரவு பதினொன்றுக்குக் கிளம்பினால் அந்த ஒரு மணி நேரமும் ஒரு நாளாக விழலாம். மேலே கேள்வி கேட்ட நாகர்கோவில் அன்பரும் இதைப் படிக்கட்டும். டோல், பார்க்கிங், டிரைவர் பேட்டா (அவருக்குக் கொடுக்கும் தினப்படி), வேறு மாநிலம் போனால் பெர்மிட் செலவு, இவை வாடகைக்குள்ளா வெளியிலா என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கிளம்பும்போதும் திரும்பியதும் மீட்டரை போனில் படம் எடுத்து வையுங்கள்.

வண்டி நம்பரை முன்கூட்டியே வாங்கி அரசின் எம்பரிவாகன் செயலியில் போட்டால் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் எப்போது முடிகிறது என்று வந்துவிடும். எட்டு வயதுக்கு மேற்பட்ட வண்டிக்கு எஃப்.சி. ஒவ்வொரு வருடமும். மஞ்சள் போர்டு இல்லாத வண்டியை “நம்ம வண்டிதான்” என்று யார் சொன்னாலும் ஏறாதீர்கள். பேசிய நம்பர் ஒன்று, வாசலுக்கு வந்த நம்பர் வேறு என்றால் மறுபடியும் செயலியில் பாருங்கள். பிள்ளைகள் ஏறும் முன் அவசர வழிக் கதவை நீங்களே ஒரு தடவை திறந்து மூடுங்கள். சில வண்டிகளில் அதன் முன்னால் ஒரு சீட்டைப் போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள்.

சார், பஸ்ஸிலேயே பிராக்டிஸ் பண்ணலாமா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவன், தூத்துக்குடி

தம்பி, டிரம்பெட்டை ஓடுகிற வண்டியில் வாயில் வைக்காதே. ஒரு ஸ்பீடு பிரேக்கர் போதும், முன் பல் இரண்டும் போய்விடும். சைடு டிரம்முக்குக் குச்சியை மட்டும் எடுத்துத் தொடையில் தட்டிக்கொள், கை நன்றாகப் பழகும்.

பாடுகிறவர்களுக்குத்தான் பெரிய ஆபத்து, அதன் பெயர் பாட்டுக்குப் பாட்டு. கோவில்பட்டியில் ஆரம்பித்து மதுரை வரை சினிமாப் பாட்டைக் கத்துவீர்கள். இன்ஜின் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டும் என்று இன்னும் கத்துவீர்கள். மேடையில் ஏறியதும் கீழ்க்குரல் பாடும் ஆல்ட்டோ வரிசையில் காற்று மட்டும் வரும். ஒருமுறை எங்கள் சோப்ரானோ (உச்சக் குரல்) பெண்கள் ஆறு பேருக்கு ஒரே நேரத்தில் தொண்டை கட்டியது. போகும்போது ஒரு மணி நேரம் பாடுங்கள், அதோடு சரி. திரும்பும்போது எவ்வளவு வேண்டுமானாலும் கத்துங்கள், அப்போது நான் காதில் பஞ்சு வைத்துக்கொள்வேன்.

பாடகர் குழுவைக் கொடைக்கானல் கூட்டிப்போகிறோம். பெரிய பஸ் போகுமா?
– ஒரு தலைமையாசிரியை, திண்டுக்கல்

பன்னிரண்டு மீட்டருக்கு மேல் நீளமான பஸ்ஸுக்கு 2024 நவம்பரிலிருந்து அங்கே தடை. அதனால் நீளத்தைக் கேட்டு எடுங்கள். அந்த வருடம் மே மாதம் முதல் இ-பாஸும் வேண்டும். வத்தலக்குண்டு தாண்டும் முன் பிள்ளைகளுக்கு வயிறு நிறையச் சாப்பாடு வேண்டாம். வாந்தி வரும் பிள்ளைகளை முன் சீட்டில் வையுங்கள், பாட்டு நோட்டுகளை அவர்கள் மடியில் கொடுக்காதீர்கள்.