வீதி மூடப்பட்ட இரவில் வீடு திரும்பும் கணவர்

கேள்வி: நாங்கள் பிரம்டனில் வசிக்கிறோம். என் கணவருக்கு இரண்டு ஆண்டுகளாக ஹியூரன் ஏரிக்கரையிலுள்ள கோடெரிச் நகரில் வேலை. வாரநாட்களில் அங்கே அறை எடுத்துத் தங்கிவிட்டு, வெள்ளி இரவு காரில் வீட்டுக்கு வருவார். சென்ற பனிக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை 8ஆம் இலக்க நெடுஞ்சாலை மூடப்பட்டிருந்தும், தடுப்பைச் சுற்றிக்கொண்டு போன ஒரு பிக்கப் வண்டியின் பின்னால் ஓட்டி வந்துவிட்டார். இன்னொரு நாள் கைபேசி வரைபடம் காட்டிய கிராமத்து வீதிகளால் வந்தார். "நல்ல பனிக்கால டயர் போட்டிருக்கிறேன், நான்கு சில்லும் இழுக்கும் வண்டி, பிடிபட்டாலும் சிறு அபராதம்தானே" என்கிறார். பிள்ளைகள் ஜன்னலோரம் காத்து நிற்பார்கள். நானும் எங்கே வந்துவிட்டீர்கள் என்று அரைமணிக்கு ஒருமுறை அழைத்துக் கேட்டபடி இருப்பேன். அவரை எப்படித் தடுப்பது?
– பிரம்டன் வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை முதல் முறை படித்தபோது உங்கள் கணவர் மீது கோபம் வந்தது. இரண்டாம் முறை படித்தபோது கடைசி வரிகளிலுள்ள ஜன்னலும் தொலைபேசியும் கண்ணில் பட்டன. அவற்றைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். முதலில் அவர் சொல்லும் காரணங்களைப் பார்ப்போம். அவற்றுக்குச் சரியான விடை இல்லாமல் நீங்கள் வாதாடினால், அது உங்களுடைய பயமாக மட்டுமே அவருக்குக் கேட்கும்.

கோடெரிச்சிலிருந்து கிளின்ரன், சீஃபோர்த், மிச்செல் வழியாக ஸ்ராற்ஃபோர்ட் வரை வரும் அந்த வீதியில் விழுவது, பிரம்டனில் நாம் காணும் பனி போன்றதன்று. ஹியூரன் ஏரி ஆழமானது. பனிக்காலம் தொடங்கி நெடுநாள் வரை அதன் பெரும்பகுதி உறையாமல் கிடக்கும். உறையாத அந்த நீரின் மேலாகக் கடுங்குளிர் காற்று வீசும்போது, வெப்பத்தையும் ஈரத்தையும் அள்ளிக்கொண்டு கரையேறி, ஒடுங்கிய பட்டைகளாக நிலத்தின் மீது பனியைக் கொட்டுகிறது. சில கிலோமீற்றர் அகலமே உள்ள ஒரு பட்டைக்குள் முன்னால் போகும் வண்டியின் விளக்குக்கூடத் தெரியாது. பட்டைக்கு வெளியே நட்சத்திரங்கள் தெரியும். காற்றுத் திசை சற்று மாறினால் பட்டையும் இடம் மாறும். ஆகவே புறப்படும்போது வானம் தெளிவாக இருந்தது என்பதும், போன வாரம் ஒன்றும் நடக்கவில்லை என்பதும் அந்த வீதியைப் பற்றி எதையும் சொல்லிவிடாது.

நான் பல ஆண்டுகளாக வாகனம் ஓட்டக் கற்பித்து வருகிறேன். ஆயினும் பேஃபீல்ட் அருகே 21ஆம் இலக்க நெடுஞ்சாலையில் ஒரு மாலை நேரம், இங்கே 'வைட் அவுட்' என்று சொல்லப்படும் வெண்பனி மூட்டத்துக்குள் நுழைந்த சில நிமிடங்களை இன்றும் நினைக்க விரும்புவதில்லை. வண்டி நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. வேகமானியைப் பார்த்துத்தான் அறிந்துகொண்டேன். என் கையிலிருந்த அத்தனை பழக்கமும் கண் இருந்தால் மட்டுமே பயன்படும் என்பது அப்போதுதான் உறைத்தது. உங்கள் கணவரின் பனிக்கால டயர்கள் நல்லவைதாம். அவற்றை அவர் போட்டிருப்பதற்குப் பாராட்ட வேண்டும். ஆனால் டயர் வீதியைப் பற்றிப்பிடிக்க உதவுமே தவிர, பார்வை தராது. நான்கு சில்லும் இழுக்கும் வண்டி புறப்படுவதற்கும் ஏறுவதற்கும் உதவும். நிறுத்தும் தூரத்தை அது குறைப்பதில்லை. மூடப்பட்ட வீதியில் நடக்கும் மிக மோசமான விபத்து, கண்ணுக்குத் தெரியாமல் நடுவீதியில் நின்றுவிட்ட இன்னொருவரின் வண்டியில் மோதுவது. அந்தப் பிக்கப் வண்டி நின்றிருந்தால் உங்கள் கணவர் அதைக் கண்டிருப்பாரா என்று அவரிடம் கேளுங்கள்.

கோடெரிச் நகரை ஒட்டி ஏரிக்கு அடியில் இருப்பது உலகிலேயே மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம். நமது வீதிகளில் தூவப்படும் உப்பில் கணிசமான பங்கு அங்கிருந்தே வருகிறது. அப்படிப்பட்ட ஊரைச் சுற்றியுள்ள வீதிகளையே பொலிசார் மூடுகிறார்கள் என்றால், உப்பாலும் ஆகாத ஒன்று அங்கே நடக்கிறது என்று பொருள். வெப்பநிலை மறை 12 பாகை (-12°C) அளவுக்குக் கீழே போனால் உப்பு அவ்வளவாக வேலை செய்யாது. திறந்த வயல்களிலிருந்து காற்று அடித்துக் கொண்டுவரும் பனியோ, வழித்துவிட்டுப் போன லொறியின் பின்னாலேயே மறுபடி வந்து குவியும்.

வீதி மூடப்பட்டது என்றால் அங்கே உதவியும் மூடப்பட்டது என்றே கொள்ள வேண்டும். இதை அவர் எண்ணிப் பார்த்திருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். பனி வழிக்கும் லொறிகளையே பார்வை போய்விட்டால் திருப்பி அழைத்துவிடுவார்கள். இழுவை வண்டிகளை நிலைமை சீராகும்வரை உள்ளே விடமாட்டார்கள். ஒருவர் சிக்கிக்கொண்டால் அவரைத் தேடி ஒரு பொலிஸ்காரரோ, கிளின்ரனிலோ சீஃபோர்த்திலோ வீட்டில் இருந்த ஒரு தீயணைப்புத் தொண்டரோ, தம்முடைய பிள்ளைகளை விட்டுவிட்டு அதே மூட்டத்துக்குள் போக வேண்டியிருக்கும். கைவிடப்பட்ட ஒரு காரைச் சுற்றி வழிக்க முடியாமல் லொறி திணறுவதால், மற்ற எல்லாருக்கும் வீதி திறப்பதும் தாமதமாகும்.

2010 டிசம்பரில், ஹியூரன் மாவட்டத்துக்குத் தெற்கே ஒட்டியுள்ள லாம்ப்ரன் மாவட்டத்தில், சார்னியா அருகே 402ஆம் இலக்க நெடுஞ்சாலையில் 300க்கும் மேற்பட்ட வண்டிகள் இதே ஏரிப் பனியில் புதைந்தன. அவசரநிலை பிரகடனப்படுத்தப்பட்டு, இராணுவ ஹெலிகொப்டர்கள் வந்துதான் பலரை மீட்டன. ஒரு நாளுக்கும் மேலாக வண்டிக்குள் இருந்தவர்களும் உண்டு. அது நான்கு தட நெடுஞ்சாலை. 8ஆம் இலக்க வீதியோ நகரங்களுக்கு வெளியே பெரும்பாலும் இரண்டே தடங்கள் கொண்டது.

அபராதத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒன்ராறியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 134ஆவது பிரிவு, வீதியை மூடும் அதிகாரத்தைப் பொலிசாருக்குத் தருகிறது. மூடிய பின் அதில் செல்ல அனுமதி உள்ளவை பொலிஸ், தீயணைப்பு, அம்புலன்ஸ் வண்டிகளும் வீதிப் பணிக்கான வண்டிகளும் போன்ற சிலவே. மீறி ஓட்டியவருக்கு அபராதத்தோடு 3 குறைபாட்டுப் புள்ளிகள் ஏறும். குற்றம் நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்கு அவை அவருடைய சாரதிப் பதிவில் நிற்கும். அந்தத் தண்டனை காப்புறுதி நிறுவனத்தின் கண்ணிலும் படும். பிரம்டனில் வாகனக் காப்புறுதிக்கு நாம் ஏற்கெனவே கட்டும் தொகையை நீங்கள் அறிவீர்கள்.

கிராமத்து வீதிகளால் வந்தது, தடுப்பைச் சுற்றி வந்ததைவிட எனக்கு அதிகக் கவலை தருகிறது. நெடுஞ்சாலையில் தடுப்பு இருக்கும். வயல்களுக்கு நடுவே ஓடும் சிறு வீதிகள் ஒவ்வொன்றின் முனையிலும் தடுப்பு வைக்க ஆள் கிடையாது. தடுப்பு இல்லாததால் அது திறந்த வீதி என்று ஆகிவிடாது. மூடிய நெடுஞ்சாலையைத் தவிர்க்கச் சொன்னால், கைபேசி வரைபடம் இன்னும் மோசமான வீதியைக் காட்டக்கூடும். அங்கே காற்றைத் தடுக்கும் மரவரிசை இல்லை, விளக்கு இல்லை, இரவில் வழிக்கும் லொறி வருவது அரிது, புதைந்தால் விடியும்வரை யாரும் அவ்வழியே வராமலும் போகலாம். மாகாண நெடுஞ்சாலைகளின் நிலையை 511 என்ற எண்ணிலோ ஒன்ராறியோ 511 இணையத்தளத்திலோ அறியலாம். மாவட்ட வீதிகளுக்கு ஹியூரன், பேர்த் மாவட்டங்களின் அறிவிப்புகளையும் தனியே பார்க்க வேண்டும்.

இனி உங்கள் வீட்டு ஜன்னலுக்கு வருகிறேன். குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள், சகோதரி. ஐந்து நாட்கள் தனி அறையில் இருந்துவிட்டு, பிள்ளைகள் காத்து நிற்கிறார்கள் என்று தெரிந்த ஒரு தந்தை, தடுப்பின் முன்னால் வண்டியை நிறுத்தும்போது அவருடைய காதில் ஒலிப்பது உங்கள் குரல். "எங்கே வந்துவிட்டீர்கள்?" என்று நீங்கள் அன்பாகக் கேட்பது, அந்த இடத்தில் "இன்னும் வரவில்லையா?" என்று கேட்கும். போதாக்குறைக்கு, அந்த அழைப்பை அவர் எடுப்பது பனிக்குள் ஓட்டிக்கொண்டிருக்கும்போது. அவரைத் தடுப்பது எப்படி என்று கேட்டீர்கள். வரவேண்டாம் என்ற சொல்லை அவர் கேட்பதற்கு முன்பே நீங்கள் கொடுத்துவிடுவதுதான் நான் அறிந்த வழி.

அதை வெள்ளி இரவு ஏழு மணிக்குச் சொன்னால் பயனில்லை. பனிக்காலம் தொடங்குமுன், ஒக்ரோபரிலேயே, பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு பேசுங்கள். அப்பா சனி மதியம் வருவதும் வருவதுதான் என்று பிள்ளைகள் வாயாலேயே அவர் கேட்கட்டும். வெள்ளி இரவு வீதி மூடப்பட்டால் அறையிலேயே தங்குவது என்றும், ஞாயிறு மாலை இங்கே மூட்டமாக இருந்தால் திங்கள் தாமதமாக வேலைக்குப் போவது என்றும் முன்கூட்டியே முடிவெடுங்கள். பின்னதைப் பற்றி மேலாளரிடம் அவர் இப்போதே பேசி வைக்க வேண்டும். ஏரிக்கரை ஊரில் வேலை கொடுப்பவருக்கு இந்தப் பனியை விளக்க வேண்டிய தேவை இருக்காது. அறையில் மாற்றுடையும், ஒரு நாள் உணவும், மருந்து ஏதும் எடுப்பவரானால் அதுவும் இருக்கட்டும்.

திறந்த வீதியில் புறப்பட்டு, வழியில் அது மூடப்பட்டால் என்ன செய்வது என்பதையும் பேசிக்கொள்ளுங்கள். அடுத்த ஊரில் வண்டியைத் திருப்பி அங்கேயே தங்குவதுதான் சரி. கிளின்ரனோ மிச்செலோ சிற்றூர்தான். ஆனால் அந்தப் பக்கத்து மக்கள் பனியில் சிக்கியவர்களுக்குக் கதவைத் திறப்பவர்கள். வண்டி புதைந்துவிட்டால் அதை விட்டு இறங்கி நடக்கக்கூடாது. 911ஐ அழைத்துவிட்டு, புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றி, காற்றடிக்காத பக்கத்து ஜன்னலைச் சிறிது திறந்துவைத்து, மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் இயந்திரத்தை ஓட்ட வேண்டும். குழாய் அடைபட்டால் மணமற்ற நச்சுப்புகை உள்ளே வந்து உயிரைப் பறிக்கும். போர்வை, மண்வெட்டி, மெழுகுதிரி, தண்ணீர், கைபேசி மின்னூட்டி ஆகியவற்றை நவம்பரிலேயே வண்டியில் வைத்துவிடுங்கள். எரிபொருள் பாதிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அவர் ஓட்டும் நேரத்தில் நீங்கள் அழைப்பதை நிறுத்திவிடுங்கள். ஸ்ராற்ஃபோர்டில் நிறுத்தித் தேநீர் குடிக்கும்போது அவரே அழைக்கட்டும்; அதுவரை பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்துப் படுக்க வையுங்கள்.