நியூமோனியாவுக்குப் பாணி மருந்து போதாதா?

"2 வயது மகனை மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மறித்துவிட்டார்கள், பாணி மருந்து தந்து அனுப்பினால் என்ன?" என்று கேட்கிறீர்கள்.

நியூமோனியா என்பது நுரையீரல் தொற்று. மூச்சு வேகம் மட்டும் என்றால் அமொக்சிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லிப் பாணியே போதும். ஆனால் இரத்தத்தில் ஒட்சிசன் 90 வீதத்துக்குக் கீழே இறங்கினாலோ, பிள்ளை பால்கூடக் குடிக்காமல் சோர்ந்தாலோ வீடு சரிவராது. மூக்கில் ஒட்சிசன் குழாய். கையின் நரம்பில் ஏற்றிய கனூலா என்ற சிறு குழாய் வழியே பெனிசிலின் அல்லது அம்பிசிலின், கூடவே ஜென்டாமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லிகள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலில் இந்த ஊசி மருந்து குறைந்தது 5 நாள். காய்ச்சல் அதற்கு முன்பே தணியலாம். அதைப் பார்த்துத் தயவுசெய்து வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டக் கேட்காதீர்கள். 2 நாளாகியும் தணியாவிட்டால், நுரையீரலைச் சுற்றி நீரோ சீழோ சேர்ந்திருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள்.

வீட்டில் இன்னொரு சிறுபிள்ளை இருந்தால், சட்டையை உயர்த்தி ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 1 முதல் 5 வயதுவரை 40 அல்லது அதற்கு மேல் என்றால் அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள்.